தடை சொல்ல ஒரு ஆள் வேண்டும்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எனக்கு அந்த விருது கிடைத்த கதையில் பாதி என் கோபம், மீதி எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதை. இரண்டும் சேர்ந்து என்னை அன்று மேடையில் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். அழைப்பு வந்தபோது வகுப்பு முடிந்து வராந்தாவில் நின்றிருந்தேன். தலைக்கு மேலே விமானம் இறங்கிக்கொண்டிருந்ததால் பேசியவர் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியே போதுமானதாக இருந்தது. நவீன இசை நாடகத்தையும் ஆப்பராவையும் பற்றிய ஆய்வுகளுக்கு எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் விருது தருகிறது. அதன் இறுதிச் சுற்றுக்கு என் புத்தகம் வந்திருந்தது. இறுதிச் சுற்றில் வேறு புத்தகமே இல்லை.

"அப்படின்னா விருது எனக்குத்தானே சார்?" என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

பேசியவர் நடுவர் குழுத் தலைவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற இசைப் பேராசிரியர். சிரித்தார். "அவசரப்படாதீங்கம்மா. அரங்கேற்றம்னு ஒண்ணு இருக்கே."

பிறகு விதியை விளக்கினார். அந்தக் காலத்தில் ஒருவர் நூல் எழுதினால் சபையில் படித்துக் காட்டுவார். கேட்பவர்கள் தடை எழுப்புவார்கள், அவர் விடை சொல்ல வேண்டும். அறக்கட்டளையைத் தொடங்கியவர் அந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் சபையில் புத்தகத்தின் சாரத்தைப் படிக்க வேண்டும். தலைவர் மூன்று முறை "தடை உண்டா" என்று கேட்பார். யாராவது எழுந்து மறுக்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும், நடுவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள்.

"யாருமே மறுக்கலைன்னா?"

"அப்ப விருது கிடையாது. தடையே எழலைன்னா சபை நூலைக் காதுல வாங்கலைன்னு அர்த்தம். அந்த வருஷம் விருதை நிறுத்தி வெச்சுடுவோம். வேணுங்கறவங்களை நீங்க கூப்பிடலாம். ஆனா கேள்வியைத் தயார் பண்ணிக் கொடுக்கக் கூடாது. குடும்பத்தாரும் கேட்கக் கூடாது."

போனை வைத்ததும் எனக்கு உலகமே என் கையில் இருப்பதாகத் தோன்றியது. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோதுதான் விஷயம் உறைத்தது. என் வீட்டுக்காரர் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடைந்து கொடுப்பவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"அம்மணி, கெட்டது போ. இந்த ஊருல சபையில எந்திரிச்சு எவன் உன்னைய மறுத்துப் பேசுவான்? ஒறம்பரைன்னு, விருந்தாளின்னு உக்கார வெச்ச எடத்துல தப்புச் சொல்ற பழக்கம் நமக்கு உண்டா?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த விருது தொடங்கியதிலிருந்து சென்னைக்காரர்களும் மதுரைக்காரர்களும் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் கூட்டிவந்த ஆட்கள் எழுந்து சண்டை போட்டிருக்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்கூட வாங்கியதில்லை. திறமை இல்லாமல் அல்ல. நம் ஆட்கள் சபையில் வாயைத் திறக்க மாட்டார்கள். தப்பைச் சொல்வார்கள், நன்றாகவே சொல்வார்கள், ஆனால் பந்தியில் உட்கார்ந்து ரசம் ஊற்றும்போது பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார்கள்.

எனக்கு அந்த விருது வேண்டும். ஆசைப்பட்டேன் என்று சொல்வதில் என்ன வெட்கம். அதற்குக் காரணமும் உண்டு.

வசனமே இல்லாமல் முழுக்கப் பாடியே நடத்தும் மேல்நாட்டு நாடகம் ஆப்பரா, அதன் மேல் எனக்குப் பித்து. எம்.ஏ. படிக்கும்போது நூலகத்தில் ஒரு கேசட்டில் கேட்டது, அன்றிலிருந்து விடவில்லை. இப்போது சமைக்கும்போது போனில் ஓடவிடுவேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஏம் அம்மணி, இந்தம்மா இந்தக் கத்துக் கத்துதே, ஒரு மைக்கு வாங்கிக் குடுக்க ஆளில்லியா?" என்று கேட்டார். நான் கரண்டியோடு அவருக்குப் பாடம் எடுத்தேன். ஆப்பராவில் மைக் கிடையாது. கீழே ஒரு கூட்டமே வாத்தியம் வாசிக்கும். அத்தனை சத்தத்தையும் தாண்டிக் கடைசி வரிசைக்காரன் காதில் பாட்டு விழ வேண்டும். அதற்காகத்தான் அந்தக் குரல், அதற்காகத்தான் அத்தனை வருடப் பயிற்சி. சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். இதே குரலை நான் வேறெங்கோ கேட்டிருக்கிறேன்.

சோமனூரில் கேட்டிருந்தேன். அங்கே ஒரு சிறிய குழு, விசைத்தறி ஓட்டுபவர்களும் இரண்டு மூன்று கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்தது, தாங்களே ஒரு நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வசனமே கிடையாது, முழுக்கப் பாட்டு. மின்சாரம் போன ஒரு பகலில் ஊர்க்காரர்கள் முதல்முறையாக ஒருவர் பேசுவதை ஒருவர் முழுதாகக் கேட்டு, கேட்டதைத் தாங்க முடியாமல் திணறும் கதை. தறிக் குடோனுக்குள்ளேயே நடத்துவார்கள். தொடக்கக் காட்சியில் தறிகள் நிஜமாகவே ஓடும். அந்த இரைச்சலுக்கு மேலே முதன்மைப் பாடகி பாடுவார். மைக் கிடையாது. ஒவ்வொரு சொல்லும் கேட்கும்.

என் புத்தகம் சொன்னது இதைத்தான். இது தெருக்கூத்தின் மிச்சமும் இல்லை, மேல்நாட்டுக்காரனைப் பார்த்து அடித்த நகலும் இல்லை, இது நம் ஊரில் தானாக முளைத்த ஆப்பரா. தறி ஓட்டும் கைகள்தான் இந்தக் குரலைப் பழக்கியிருக்கின்றன என்பது என் வாதம். முன்பு இதையே முனைவர் பட்டத்துக்குக் கொண்டுபோனேன். "தறிக் குடோன்ல பாடறதெல்லாம் ஆப்பராங்களா மேடம்?" என்று ஆய்வேட்டை மதிப்பிட்ட குழுவில் ஒருவர் கேட்டார், மற்றவர்கள் சிரித்தார்கள். நான் காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பட்டமும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று தமிழில் புத்தகமாக எழுதினேன். இப்போது இந்தத் துறைக்கென்றே இருக்கும் ஒரே விருது கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அது கிடைத்தால் அந்தச் சிரிப்புக்குப் பதில் கிடைத்த மாதிரி. கிடைக்காவிட்டால் அந்தச் சிரிப்பே கடைசிச் சொல்லாக நின்றுவிடும்.

ஆக, எனக்கு எதிராகப் பேச ஆள் தேடிக் கிளம்பினேன்.

முதலில் ஆசிரியர் அறை. இயற்பியல் நடத்தும் சகாவைப் பிடித்தேன். "சார், அரங்கேற்றத்துக்கு வாங்க. தோணறதைக் கேளுங்க. தப்பா இருந்தா தப்புன்னு சொல்லுங்க."

"உங்க புஸ்தகத்துல தப்பென்னங்க மேடம். நெம்ப நல்லா இருக்குதுங்க."

"படிச்சுட்டீங்களா?"

"படிக்கோணுங்க."

அடுத்து எங்கள் தெருவில் இருக்கும் வக்கீல். நீதிமன்றத்தில் எதிராளியைக் கிழிகிழியென்று கிழிப்பவர். அவராவது பேசுவார் என்று நம்பிப் போனேன். "உங்களப் போயி சபையில வெச்சு மறுத்துப் பேசறதுங்களா? என்ற சம்சாரம் என்னைய ஊட்டுக்குள்ள விடமாட்டாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இப்படியே போன இடமெல்லாம் காப்பி கொடுத்தார்கள், பலகாரம் கொடுத்தார்கள், வாழ்த்தினார்கள். எதிர்க்க மட்டும் ஒருவரும் வரவில்லை. நல்லவர்களாக இருந்து என்னைக் கொல்கிறார்களே என்று எரிச்சலாக வந்தது.

சோமனூருக்கு நேரில் போனேன். நேரில் போய்க் கூப்பிடாவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். குழுவில் எல்லோருக்கும் தாம்பூலம் வைத்து அழைத்தேன். முதன்மைப் பாடகியின் வீடு தறிக் குடோனை ஒட்டியே இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்குள் ஒரு தையல் மிஷின், தைத்து முடித்த ரவிக்கைகள். சுவரே அதிரும் அந்தச் சத்தத்தில் இருவரும் கத்திக்கத்திப் பேசினோம். தறி வேலை முடிந்து வந்து பாவம் தையலும் பார்க்கிறார் என்று எப்போதும் போல நினைத்துக்கொண்டேன்.

"டீச்சர், ஒண்ணு சொல்லோணும்னு இருந்தனுங்க" என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க அக்கா."

என் கையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "இருக்கட்டுங்க. நல்ல காரியம் நடக்கறப்ப அதெதுக்கு. காப்பி வெச்சுப்போட்டு வாரேன்."

காப்பி வந்தது. விஷயம் வரவில்லை. நானும் அவசரத்தில் கேட்கவில்லை.

அரங்கேற்றம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை பீளமேட்டு அரங்கம் நிரம்பி வழிந்தது. நான் கூப்பிட்ட ஒருவர்கூடத் தவறவில்லை, அதுதான் கொடுமை. முன்வரிசையில் வக்கீல் சம்சாரத்தோடு, அவருக்குப் பின்னால் எங்கள் கல்லூரிக்காரர்கள். நடுவில் சோமனூர்க் குழு மொத்தமாகப் பட்டுச்சேலையும் வெள்ளைச் சட்டையுமாக. என் வீட்டுக்காரர் மேடையோரம் மடிக்கணினியை ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நாடகத்தின் தொடக்கத்தை நான் பதிவுசெய்து வைத்திருந்தேன், அதைப் போட்டுக் காட்டுவது அவர் வேலை.

நன்றாகவே படித்தேன். என்னை நானே மெச்சிக்கொள்ளக் கூடாது, ஆனால் நன்றாகப் படித்தேன். கடைசி வரியைச் சொல்லி நிமிர்ந்தபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தலைவர் எழுந்தார். "தடை உண்டா?"

ஒருவரும் எழவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். கல்யாண மேடையில் மணப்பெண்ணைப் பார்ப்பது போல அத்தனை பிரியமாகப் பார்த்தார்கள்.

தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டாம் முறை கேட்டார். வக்கீல் எழுந்தார். எனக்கு உயிர் வந்தது. மைக்கை வாங்கி, தொண்டையைச் செருமி, "ஏனுங்க, நம்மூருப் புள்ள இவ்வளவு பெரிய சபையில நின்னு பேசறதுக்கு நாமெல்லாம் குடுத்து வெச்சிருக்கோணுங்க. வேறொண்ணுமில்லீங்க" என்று உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் கைதட்டல். அது அடங்கியதும் கடைசிக் கதவைத் திறந்து ஒருவர் தலையை நீட்டினார். தலைவர் ஆவலாக, "சொல்லுங்க, தடையா?" என்றார். அவர் பந்தியில் இலை போட வந்தவர். "இல்லீங்க, சாப்பாடு ரெடிங்க" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. மைக்கைப் பிடுங்காத குறையாக எடுத்தேன்.

"இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூட என் புத்தகத்துல தப்புத் தெரியலீங்களா? அப்ப யாருமே படிக்கலேன்னுதான அர்த்தம்? உங்க மரியாதை எனக்கு வேண்டாங்க. எதுத்துக் கேளுங்க. பந்தியில உக்காந்து பேசறதை இங்கயே பேசுங்க. அதுதான் இன்னைக்கு நீங்க எனக்குச் செய்யற மொய்."

என் வீட்டுக்காரர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு மட்டும் விதி இடம் கொடுத்திருந்தால் ஒன்பது தடை சொல்லியிருப்பார், வீட்டில் அதுதானே அவர் தொழில்.

தலைவர் என்னைக் கையமர்த்தினார். பிறகு வருத்தத்தோடு, மெதுவாக, "மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். தடை உண்டா?" என்றார்.

சோமனூர்க் கூட்டத்துக்கு நடுவே அக்கா எழுந்தார். பக்கத்திலிருந்தவர் சேலையைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்தது எனக்கு மேடையிலிருந்தே தெரிந்தது. அக்கா அவர் கையை விலக்கினார்.

"டீச்சர் கோவிச்சுக்கப்படாதுங்க. கேளு கேளுங்கறீங்க, அதனால சொல்றனுங்க. தறி ஓட்டற கைதான் இந்தக் கொரலப் பழக்குச்சுன்னு எழுதிருக்கீங்க. என்னையப் பத்தித்தான் எழுதிருக்கீங்க. நான் தறி ஓட்டினதே இல்லீங்க. ஒரு நாளுங்கூட இல்லீங்க. நான் டைலருங்க."

முதல்முறை அவரைப் பார்த்தபோது குடோனுக்குள் ஒரு தறியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் அதையே பிடித்துக்கொண்டேன். அதன் மேல் ஒரு புத்தகத்தையே கட்டிவிட்டேன்.

"இதை ஏன் அக்கா இத்தனை வருஷமா சொல்லல?" என்றேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

"எழுதி எழுதி எடுத்துட்டு வந்து சந்தோசமாப் படிச்சுக் காட்டினீங்க. மொகத்துக்கு நேரா எப்புடிங்க சொல்றது? அப்பறம் அச்சடிச்சும் போட்டீங்க. எங்க ஆளுக எல்லாருக்கும் தெரியுங்க. அன்னைக்கு ஊட்டுக்கு வந்தப்பச் சொல்லலாம்னு பாத்தேன். நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்னு உட்டுப்போட்டேன்."

குழுவிலிருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சபையில் யாரோ சிரித்துவிட்டார்கள். கேலியாக அல்ல. அங்கே உட்கார்ந்திருந்த எல்லோர் வீட்டிலும் இப்படிச் சொல்லாமல் விட்டது ஏதாவது ஒன்று இருக்கும்.

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்திருந்தது. "தடை எழுந்திருக்கிறது. வலுவான தடை. விடை சொல்லுங்கம்மா."

விடை. எனக்கு வேண்டியது ஒரு தடை, கிடைத்ததோ புத்தகத்தின் அடிக்கல்லைப் பிடுங்கும் தடை. தறி ஓட்டாத ஒருவருக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் இல்லையென்றால் அன்று சிரித்தவர்கள் சிரித்தது சரிதான் என்று ஆகிவிடும். நினைத்தபோதே எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும், சிறுவயதிலிருந்தே அப்படித்தான். அக்கா வீட்டில் அதிரும் அந்தச் சுவர் ஞாபகத்துக்கு வந்தது.

"அக்கா, கல்யாணமாகி அந்த வீட்டுக்குத்தான வந்தீங்க?"

"ஆமாங்க."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி பொறந்த ஊடுங்க. அதும் குடோனுக்குப் பின்னாலதான்."

"குழந்தைகளை எப்படித் தூங்க வெச்சீங்க?"

"எல்லாரையும் மாதிரித்தானுங்க. தொட்டில்ல போட்டுப் பாடுவேன்."

"தறி ஓடிட்டிருக்கும்போதா?"

"ஓடாத நேரம் ஏதுங்க."

அவ்வளவுதான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. "அந்தத் தாலாட்டை இங்க பாடுங்க அக்கா. மைக் வேண்டாம்" என்றேன். என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "பதிவுல முதல்ல வெறும் தறிச் சத்தம் மட்டும் வருமல்ல, அதைப் போடுங்க. எவ்வளவு வைக்க முடியுமோ அவ்வளவு சத்தம் வைங்க" என்றேன்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் சொன்னதைச் செய்தார். அரங்கம் அதிர்ந்தது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். முதலில் நான் மைக்கை வைத்துவிட்டுப் பேசிப் பார்த்தேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனை எழுப்பும் குரல் என்னுடையது. இரண்டாம் வரிசையில் இருந்த இயற்பியல் ஆசிரியர் காதருகே கை வைத்து உதட்டைப் பிதுக்கினார்.

அக்கா இருந்த இடத்திலேயே நின்று பாடினார். கத்தவில்லை. தொட்டிலுக்குள் இருப்பது தூங்க வேண்டுமே, கத்தினால் விழித்துக்கொள்ளும். அந்த இரைச்சலுக்குள் இடம் எங்கே இருக்கிறதென்று அந்தத் தொண்டைக்குத் தெரிந்திருந்தது. அதன் வழியாக நேராக வந்தது பாட்டு. இதற்குத்தான், இந்த ஒன்றுக்குத்தான் நான் இத்தனை வருடம் அலைந்தேன் என்று தோன்றியது.

பாடி முடித்ததும் சத்தத்தை நிறுத்தச் சொன்னார் தலைவர். கடைசிக் கதவருகே இலைக்கட்டோடு நின்றிருந்தவரைப் பார்த்து, "ஐயா, அங்கே உங்களுக்குக் கேட்டுதா?" என்றார்.

"கேட்டுதுங்க."

"என்ன பாடினாங்க?"

அவர் கூச்சத்தோடு சொன்னார். "'தறி ஒறங்காட்டிப் போகுது, நீ ஒறங்கு கண்ணு'ன்னாங்க. கண்ணுங்கறப்ப சித்த எறக்கிப் பாடினாங்க. அதும் கேட்டுதுங்க."

நான் மைக்கை எடுத்தேன். "என் விடை இதுதான். அக்கா சொன்ன தடை சரி. என் புத்தகத்தில் அது தப்பு. இந்தக் குரலைப் பழக்கியது தறி ஓட்டிய கை இல்லை. தறிக்குப் பக்கத்தில் வாழ்ந்த வாழ்க்கை. ஆப்பராப் பாடகர் வாத்தியங்களைத் தாண்டிப் பாடப் பள்ளிக்கூடம் போய்ப் படிக்கிறார். இவர் தொட்டிலோரம் நின்று படித்திருக்கிறார். நான் எழுதியதைவிட இது இன்னும் பெரிய விஷயம். இது ஆப்பராதான். முன்பு சந்தேகம் இருந்தவர்களுக்கும் சொல்கிறேன், இது ஆப்பராதான்."

கைதட்டலை நான் எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் இயற்பியல் ஆசிரியர் எழுந்தார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. அப்படின்னா குடோன் பக்கத்துல குடியிருக்கற அத்தனை பேரும் ஆப்பராப் பாடகர்களாங்க?"

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "தொண்டை எல்லாருக்கும் பழகியிருக்கு சார். பாட்டு அக்காவுக்கு வந்திருக்கு" என்றேன். வக்கீல் எழுந்தார், இந்த முறை நிஜமாகவே. "ஏனுங்க, நம்மளுதை எதுக்குங்க வெளிநாட்டுக்காரனோடதுக்குப் பக்கத்துல வெச்சு அளக்கோணும்? நம்மளுது நம்மளுதாவே இருந்துட்டுப் போகட்டுமே." அவர் சம்சாரம் அவரை இழுத்து உட்கார வைத்துவிட்டு, தானே எழுந்து வேறொன்று கேட்டார். சோமனூர்க் குழுவில் ஓர் இளைஞர், மின்சாரம் திரும்பி வரும் காட்சிக்கு நான் சொன்ன அர்த்தம் தங்களுக்குத் துளிக்கூடத் தோன்றியதே இல்லை என்றார், எத்தனையோ 'ங்க' போட்டு. அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. நான் ஒருவருக்குப் பதில் சொல்வதற்குள் இரண்டு பேர் கை தூக்கினார்கள். சிலவற்றில் ஜெயித்தேன், சிலவற்றில் யோசிக்கிறேன் என்றேன், ஒன்றிரண்டில் சண்டை போட்டேன். இலைக்காரர் மறுபடி வந்து சாப்பாடு ஆறுகிறது என்றார். யாரும் அசையவில்லை.

கடைசியில் தலைவர் மேசையைத் தட்டி எல்லோரையும் அடக்க வேண்டியிருந்தது. நடுவர்கள் எழுந்து உள்ளே போகக்கூட இல்லை, அங்கேயே தலைகளை ஒன்றாகச் சேர்த்துப் பேசி முடித்தார்கள்.

"தடை ஏற்கப்பட்டது" என்றார் தலைவர். "விடையும் ஏற்கப்பட்டது. இந்த ஆண்டுக்கான ஆப்பரா ஆய்வு விருது இந்த நூலுக்கு. இத்தனை வருஷத்துல தடையை நிறுத்தச் சொல்லி நான் மேசையைத் தட்டினது இதுதான் முதல் தடவை."

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று விசிலடித்தார். பட்டறையில் அவர் அடிக்கும் விசில், சபைக்கு ஏற்றதல்ல. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆப்பரா ஆய்வு விருது என்று தலைவர் சொன்னாரே, அதை எனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். தறிக் குடோனில் பாடுவது ஆப்பராவா என்று சிரித்தவர்கள் எங்கேயோ காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். குடிக்கட்டும். நான் ஜெயித்துவிட்டேன்.

கேடயத்தை வாங்கத் தலைவர் பக்கம் போனேன். அவர் கொடுக்கவில்லை. "எங்க வழக்கப்படி இதை நான் தரக்கூடாதும்மா. தடை சொன்னவங்கதான் தரணும்" என்று அக்காவை மேடைக்கு அழைத்தார்.

அக்கா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. பொன்னாடையை என் தோளில் போட்டார். கேடயத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் ஒரு பக்கம் பிடித்தேன், புகைப்படக்காரர் இங்கே பாருங்க என்றார், அக்கா மறுபக்கத்தை விடவில்லை.

"டீச்சர்" என்றார், மைக் பக்கத்தில் இருக்கிறதே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லாமல், அரங்கம் முழுக்கக் கேட்கும் குரலில். "இன்னொண்ணு இருக்குதுங்க. நாடகத்துல கடைசிப் பாட்டு சோகப் பாட்டுன்னு எழுதிருக்கீங்க. அது சோகப் பாட்டே இல்லீங்க."

"அதெப்படி அக்கா இல்லைங்கறீங்க?" என்றேன் நான். என் கோபம் உடனே தலைக்கேறியது. கேடயத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, மேடையிலேயே நின்று, நாங்கள் இருவரும் அதைப் பேசித் தீர்க்க ஆரம்பித்தோம்.